இரண்டு வரிக்குள்

ஒற்றை டிக்தான் இன்னும். முந்தாநாள் சாயங்காலம் அனுப்பின 'சாப்டாச்சா' அப்படியே கிடக்கிறது, ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒற்றை டிக்கோடு. பார்க்கக் கூடாது என்றுதான் போனை மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன், அப்புறம் நிமிர்த்திப் பார்க்கிறேன், அப்புறம் கவிழ்க்கிறேன். டெரன்ஸ் கடலில் இருக்கிறார். என் வீட்டுக்காரர், எண்ணெய்க் கப்பலில் இரண்டாம் எஞ்சினியர். கப்பல் வளைகுடாவில் எங்கோ நங்கூரம் போட்டு நிற்கிறது, அல்லது நிற்கவில்லை. சண்டை தொடங்கினதிலிருந்து கப்பல்காரர்கள் தாங்கள் இருக்கிற இடத்தைச் சொல்லும் சிக்னலை அணைத்துவைக்கிறார்களாம், ஏவுகணை விடுகிறவனுக்குத் தெரியக் கூடாது என்று. பெண்டாட்டிக்கும்தான் தெரியவில்லை. கப்பல்களைக் காட்டுகிற ஒரு இணையதளம் இருக்கிறது, நீலக் கடல் முழுக்கக் குட்டிக் குட்டி அம்புகள், எண்ணெய்க் கப்பல் என்றால் சிவப்பு அம்பு. அவருடைய அம்பு முந்தாநாள் காணாமல் போனது. அணைத்துவைத்தாலும் காணாமல் போகும், முங்கிப்போனாலும் காணாமல் போகும், இரண்டுக்கும் ஒரே நீலம். இந்த டிக்கும் அப்படித்தான். சிக்னல் இல்லை என்பதற்கும் ஆளே இல்லை என்பதற்கும் ஒரே டிக். இதை எவனோ ஒருத்தன் ஒரு குளிர்சாதன அறையில் காபி குடித்துக்கொண்டே முடிவு செய்திருப்பான், எளிமையாக இருக்கிறது என்று மற்றவர்கள் தலையாட்டியிருப்பார்கள். எனக்குத் தெரியும், நானும் அந்த மாதிரி அறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், நானும் தலையாட்டுகிற சாதிதான். பெருங்குடியில் ஒன்பதாவது மாடி, சுற்றிலும் கண்ணாடி, ஒரு செய்தி ஆப்புக்குத் திரை வரைகிற வேலை. எந்தப் பட்டன் எங்கே, எந்த எழுத்து எவ்வளவு பெரிசு, விரல் எங்கே போகும், கண் எங்கே நிற்கும், இதெல்லாம் என் கவலை. என் கவலைக்கெல்லாம் சம்பளம் உண்டு, இந்த ஒரு கவலையைத் தவிர.

தட்டைப் படம் பிடித்து அனுப்புவார், அதுதான் வழக்கம். கல்யாணமான புதிதில் பக்கம் பக்கமாக எழுதினோம், பிறகு அது தேய்ந்து தேய்ந்து இதில் வந்து நின்றது. மத்தியானம் சிக்னல் இருந்தால் ஒரு தட்டு வரும். சோறு, பருப்பு, பிலிப்பைன்ஸ் சமையல்காரர் செய்த ஏதோ ஒரு வெள்ளைக் குழம்பு. பதிலுக்கு நான் என் டிபன் பாக்ஸை அனுப்புவேன். இருக்கிறேன், நீயும் இரு, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அந்தப் படத்தை மாமிக்கும் அனுப்புவேன், அவருடைய அம்மா, தூத்துக்குடியில் கடற்கரைத் தெருவில் தனியாக இருக்கிறார். மாமி படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, சோறு வெந்தது போதாது என்பார். மாமிக்கு அந்தப் போனை வாங்கிக் கொடுத்தது நான்தான். அதற்கு முன்னால் பட்டன் போன் வைத்திருந்தார், கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவது பட்டனை அமுக்கினால் மகன், நாலாவது நான், ஐந்தாவது கோயில். விரலுக்குத் தெரியும். நான் போய் அதைப் பிடுங்கி ஒரு கண்ணாடித் துண்டைக் கையில் கொடுத்தேன், மகன் முகம் பார்க்கலாம் மாமி என்று. கண்ணாடியில் விரலுக்கு என்ன தெரியும். அப்டேட் என்று ஒரு சனியன் மாதாமாதம் வரும், வந்தால் பச்சைப் பட்டன் மேலேயிருந்து கீழே போகும், வட்டம் சதுரமாகும், மாமி எனக்குப் போன் பண்ணி, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, "ஏட்டி பிலோமி, என் பச்சையக் காணும்" என்பார். யார் கேட்டார்கள் இதை? ஒரு வீட்டில் மருமகள் வந்து மாதாமாதம் அடுப்பை இடம் மாற்றினால் மாமியார் சும்மா இருப்பாளா? இந்தக் கம்பெனிகள் மாற்றினால் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு கற்றுக்கொள்கிறோம். நான் பொத்திக்கொள்வது இருக்கட்டும், நானே மாற்றுகிறேன். மாற்றாவிட்டால் உனக்கு என்ன வேலை இங்கே என்று கேட்பார்கள். சென்ற லீவில் மாமி போனில் எங்கள் ஆப்பையும் போட்டுக் கொடுத்தேன். அறிவிப்பு வரட்டுமா என்று கேட்டது, வரட்டும் என்று நானே அமுக்கினேன். கண் சரியாகத் தெரியவில்லை என்றார், எழுத்தை இருக்கிறதிலேயே பெரிசாக வைத்தேன். மருமகள் வேலை பார்க்கிற ஆப்பாம் என்று தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லி, அவர்களும் போட்டுக்கொண்டார்கள்.

பேன்ட்ரியில் டிவி ஓடுகிறது. சத்தத்தை அணைத்திருக்கிறார்கள், ஆனாலும் கத்துவது தெரிகிறது. கோட்டுப் போட்ட ஒருத்தர் வரைபடத்தின் மேல் குச்சியை வைத்து இழுக்கிறார், பின்னால் கம்ப்யூட்டரில் செய்த தீப்பிழம்பு. காபி எடுக்க வந்தவர்கள் நின்று பார்க்கிறார்கள், அவன் விடமாட்டான், இவன் கொடுப்பான் பாரு திருப்பி, என்று பேசுகிறார்கள். நேற்று வரை கிரிக்கெட் பேசின அதே வாய், அதே குரல், ஸ்கோர் கேட்கிற மாதிரி எத்தனை பேர் என்று கேட்கிறார்கள். எங்கள் ஆப்பிலும் ஓட்டெடுப்பு வைத்திருக்கிறோம், 'யார் ஜெயிப்பார்கள்?' என்று. நான்தான் வரைந்தேன். ஒரு நாட்டுக்குப் பச்சைப் பட்டை, இன்னொரு நாட்டுக்கு ஆரஞ்சு. 'யாரும் இல்லை' என்று மூன்றாவதாக ஒன்று வைத்திருந்தேன், அதை எடுக்கச் சொல்லிவிட்டார்கள், அதை அமுக்குகிறவன் திரும்பி வந்து பார்க்க மாட்டானாம். சரிதான். யாரும் ஜெயிக்கப் போவதில்லை என்று தெரிந்தவன் எதற்குத் திரும்பி வரப்போகிறான். போரைத் தொடங்கின இரண்டு பேரும் ஆளுக்கொரு கொடிக்கு முன்னால் நின்று நாங்கள் சமாதானப் பிரியர்கள் என்கிறார்கள். நம்முடைய ஆட்கள் நிலைமையை உன்னிப்பாகக் கவனித்து வருகிறோம் என்கிறார்கள். கவனியுங்கள். நானும் அதைத்தான் செய்கிறேன், ஒரு டிக்கை உன்னிப்பாகக் கவனித்து வருகிறேன். டெரன்ஸ் கப்பலில் பறக்கிற கொடி ஒரு நாட்டுடையது, அந்த நாட்டை அவர் கண்ணால் பார்த்ததில்லை. முதலாளி வேறு நாடு, எண்ணெய் வேறு நாடு, வாங்குகிறவன் வேறு நாடு. கீழே எஞ்சின் ரூமில் வேர்த்துக் கொட்டுகிற உடம்பு மட்டும் தூத்துக்குடி. குண்டு விழுந்தால் டிவியில் பெட்ரோல் விலை ஏறுமா என்றுதான் முதல் கேள்வி வரும். சின்ன வயதில் எங்கள் கடலுக்கு அந்தப் பக்கமே சண்டை நடந்தது. அப்பா ரேடியோவைத் திருகிக் காதை வைத்துக் கேட்பார், செய்தி முடிந்ததும் அணைத்துவிட்டுச் சாப்பிட உட்காருவார். அந்தக் காலம் ஒன்றும் உசத்தி இல்லை, அப்போதும் கொத்துக் கொத்தாகத்தான் செத்தார்கள், ஆனால் அணைத்தால் அணைந்தது. இப்போது எனக்கு அணைக்கிற பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை, ஊருக்கெல்லாம் பட்டன் வரைகிறவளுக்கு.

பதினோரு மணிக்கு டெமோ. இந்தப் போருக்கென்று ஒரு அட்டை செய்திருக்கிறோம், போன் பூட்டியிருந்தாலும் திரையில் வந்து உட்கார்ந்துகொள்கிற அட்டை, படம், தலைப்பு இரண்டு வரி, மேலே சிவப்பில் துடிக்கிற ஒரு புள்ளி. அந்தப் புள்ளி எவ்வளவு வேகமாகத் துடிக்க வேண்டும் என்று ஒரு முழு நாள் பேசினோம். ரொம்ப வேகமாகத் துடித்தால் பயமாக இருக்கிறது, ரொம்ப மெதுவாகத் துடித்தால் சண்டை முடிந்துவிட்ட மாதிரி இருக்கிறது என்றார் ஹரிபிரசாத். அவர்தான் எங்களுக்கெல்லாம் மேலே, இந்த ஆப்புக்குப் பொறுப்பு. கெட்டவர் இல்லை. பிறந்தநாளுக்குக் கேக் வாங்குவார், யாருக்காவது காய்ச்சல் என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார். ஆனால் மனிதர்களை விரலாகப் பார்க்கிறவர். விரல் நின்றதா, நகர்ந்ததா, திரும்பி வந்ததா. டெரன்ஸ் கப்பலில் இருக்கிறார் என்று அவருக்குத் தெரியும், வளைகுடா என்பது தெரியாது, நான் சொல்லவில்லை. சொன்னால் என்ன செய்வார், கண்ணைச் சுருக்கி ஐயோ என்பார், அப்புறம் நாளைக்கு ஒரு யோசனையோடு வருவார், மாலுமிகள் குடும்பத்துக்கென்று தனியாக ஒரு பக்கம் வைக்கலாமா என்று. அட்டையில் தலைப்புக்கு இரண்டு வரிதான் இடம். ஆங்கிலத்தில் வரைகிறவர்களுக்கு இரண்டு வரி தாராளம். தமிழில் ஏவுகணைத்தாக்குதல் என்று ஒரு சொல் எழுதினால் பாதி வரி போய்விடும். மற்ற டிசைனர்கள் மாதிரிக்கு ஏதோ புரியாத லத்தீன் எழுத்தை நிரப்பிப் பார்த்து அழகாக இருக்கிறது என்பார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், நிஜமாக வரக்கூடிய தலைப்பை, நிஜமான நீளத்துக்கு, தமிழில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று சண்டை போடுவேன். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இன்று காலையும் அப்படித்தான் போட்டேன். வந்து உட்கார்ந்து, போனைக் கவிழ்த்து வைத்து, மாதிரித் தலைப்புக்கான கட்டத்தில் விரல் தானாக அடித்தது: வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல் மீது ஏவுகணை: தூத்துக்குடி மாலுமிகள் உட்பட அனைவரும் பத்திரம். அடித்துவிட்டுப் பார்த்தேன். ஜெபம் என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் ஜெபம்தான். கப்பலில் குண்டு விழுந்தே தீரும் என்றால் விழட்டும், பத்திரம் என்று முடியட்டும் என்று ஆண்டவரிடம் பேரம் பேசுகிற மாதிரி. அட்டையில் அது அடங்கவில்லை. 'உட்ப' வரைக்கும் வந்து மூன்று புள்ளி வைத்தது. பத்திரம் வெளியே தொங்கிப் போனது. எழுத்தைக் குறைக்க வேண்டும் என்று குறித்துவைத்தேன், அதற்குள் டெமோவுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

இப்போது அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறேன். பெரிய திரையில் அறிவிப்பு அனுப்புகிற பக்கம் தெரிகிறது, நாங்கள் மட்டும் பார்க்கிற பக்கம், அலுவலகத்துக்கு உள்ளே, காலையில் நான் அடித்த தலைப்பு அப்படியே அதில் நிற்கிறது. அதில் இரண்டு நீலப் பட்டன், பக்கத்தில் பக்கத்தில். ஒன்று 'எங்களுக்கு மட்டும்', இன்னொன்று 'எல்லோருக்கும்'. ஒரே அளவு, ஒரே நீலம், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி. 'எல்லோருக்கும்' என்பதைச் சிவப்பாக்கி, அமுக்கினால் 'நிச்சயமா?' என்று ஒரு முறை கேட்கட்டும் என்று நான் சொல்லியிருக்கிறேன். "பிலோமி, அது எக்ஸ்ட்ரா கிளிக். ஃபிரிக்ஷன். பிரேக்கிங் நியூஸ்ல நமக்கு ஒவ்வொரு செகண்டும் முக்கியம்" என்றார் ஹரிபிரசாத். ஒரு தடவை நின்று யோசிக்கச் சொல்வதற்குப் பெயர் ஃபிரிக்ஷன். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்து எல்லாவற்றிலிருந்தும் அந்த ஒரு கேள்வியைத்தான் உருவி எடுத்துவிட்டார்கள். வாங்குவதற்கு ஒரு தட்டல், கடன் எடுப்பதற்கு ஒரு தட்டல், பிறத்தியாரைத் திட்டுவதற்கு ஒரு தட்டல். எங்கோ மண்ணுக்கடியில் ஒரு அறையில் ஏவுகணை விடுகிறவன் முன்னாலும் ஒரு திரை இருக்கும், அதையும் என்னை மாதிரி ஒருத்திதான் வரைந்திருப்பாள், அவளும் ஒருவேளை 'நிச்சயமா?' என்று கேட்கச் சொல்லியிருப்பாள், அவளுக்கும் மேலே ஒரு ஹரிபிரசாத் இருந்திருப்பார். "நிஜ போன்ல எப்படி வருதுன்னு பாத்துடலாம்" என்று சொல்லிக்கொண்டே அவர் அமுக்குகிறார், பேச்சு என் பக்கம், கண் டெமோ பார்க்க வந்த கம்பெனிப் பெரியவர்கள் பக்கம், விரல் மட்டும் பட்டன் பக்கம். மேசையில் இருந்த எங்கள் போன்கள் எல்லாம் டிங் என்றன. நன்றாக வந்திருக்கிறது, புள்ளி துடிப்பது நன்றாக இருக்கிறது என்றார்கள். அப்புறம் கண்ணாடிக்கு வெளியே டிங் என்றது. கணக்குப் பார்க்கிற பிரிவில் ஒரு டிங். காபி இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற செக்யூரிட்டி சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். அவர் எங்களுக்கு மட்டும் என்கிற பட்டியலில் இல்லை.

எல்லோருக்கும். தூத்துக்குடிக்கும். கடற்கரைத் தெருவுக்கும். நான் பெரிசாக வைத்த எழுத்தில். அந்த எழுத்தில் தலைப்பு எதுவரைக்கும் தெரியும் என்று மனசு கணக்குப் போடுகிறது, வேண்டாம் என்றாலும் போடுகிறது, அதுதானே இத்தனை வருஷப் பழக்கம். அவ்வளவு பெரிய எழுத்தில் இரண்டு வரி 'மாலு' வரைக்கும்தான் வரும். வளைகுடாவில் எண்ணெய்க் கப்பல் மீது ஏவுகணை: தூத்துக்குடி மாலு, மூன்று புள்ளி. பத்திரம் வராது. உட்படகூட வராது. தொட்டுப் பார்த்தால் செய்தி வரவேண்டும், செய்தி எங்கே இருக்கிறது, மாதிரிக்குப் போட்ட தலைப்புக்குப் பின்னால் ஒன்றும் கிடையாது, பக்கம் இல்லை என்று ஒரு படம் வரும். அதையும் நான்தான் வரைந்தேன். அறுந்த மின்கம்பியில் உட்கார்ந்து முழிக்கிற ஒரு காக்கா, மேலே 'அச்சச்சோ!' என்று எழுத்து. ரொம்ப க்யூட் என்று எல்லோரும் பாராட்டினார்கள். அறைக்குள் ஒருத்தர் "சார், லைவ்ல போயிடுச்சு" என்கிறார், இன்னொருத்தர் திரும்ப எடுக்க முடியுமா என்கிறார், அனுப்பினது அனுப்பினதுதான், அம்பும் சொல்லும் விட்டால் விட்டதுதான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது இதற்குத்தானா. என் போன் அடிக்கிறது. மாமி. கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தேன், இழுக்க வேண்டிய கதவு, தள்ளினேன், மறுபடி இழுத்தேன். "ஏட்டி..." என்றார் மாமி. பின்னால் பெண்கள் சத்தம், ஒருத்தி மாதாவே மாதாவே என்கிறாள். "மாமி, அது பொய் மாமி. அந்தச் செய்தி பொய். இங்க தப்பா அனுப்பிட்டாங்க." "போன்ல வந்திருக்குட்டி." "அது டெஸ்ட்டுக்குப் போட்டது மாமி, அது நான்..." நான் எழுதினது என்று சொல்ல வந்து நிறுத்திக்கொண்டேன். "கப்பல்னு போட்டிருக்கு. தூத்துக்குடின்னு போட்டிருக்கு. தொட்டா ஒரு காக்கா வருது, அச்சச்சோங்குது. தெருவே வந்து உக்காந்திருக்கு. பக்கத்து வீட்டு ரோசம்மா தலைய அவுத்துப் போட்டுட்டா. என் மவன் எங்கட்டி?"

என் மவன் எங்கே. அதுதான் கேள்வி. எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, அந்தச் செய்தி பொய். அதைவிட நிச்சயமாக இந்த உலகத்தில் யாருக்கும் எதுவும் தெரியாது, ஏனென்றால் அதை எழுதினவள் நான். ஆனால் செய்தி பொய் என்பதால் டெரன்ஸ் இருக்கிறார் என்று ஆகிவிடுமா. பொய் தனியாக இருக்கிறது, உண்மை அதன் பாட்டுக்கு எங்கோ நீலத்தில் சிக்னலை அணைத்துக்கொண்டு கிடக்கிறது, இரண்டும் ஒன்றாகவே இருந்துவிட்டால். என் கையில் வந்தது தானாக வந்ததா, மனசுக்கு முன்கூட்டியே தெரிந்து வந்ததா, சீ, என்ன புத்தி இது. மாமிக்கு நான் என்ன சொல்ல, செய்தி பொய், ஆனால் மகன் எப்படி இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது, முந்தாநாளிலிருந்து ஒற்றை டிக் என்றா. இந்த இரண்டு நாளும் மாமிக்குப் பழைய தட்டுப் படங்களை அல்லவா அனுப்பிக்கொண்டிருக்கிறேன். "அவங்க பத்திரமா இருக்காங்க மாமி" என்றேன். "இப்பதான் மெசேஜ் வந்துச்சு." "மெய்யாவா?" "மெய்யா மாமி. சாப்டாச்சான்னு கேட்டாங்க." "அவன் சாப்பிட்டானாமா? என்ன சாப்பிட்டானாம்?" யோசிக்கவே இல்லை, வாயில் வந்ததைச் சொன்னேன். "மீன் குழம்பு மாமி." அந்தப் பக்கம் மின்விசிறி சுற்றுகிற சத்தம், யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. கப்பலில் கிடைப்பது மாதக்கணக்கில் ஐஸில் கிடந்த மீன். கரையில் விடியற்காலை வலையிலிருந்து எடுத்த மீனைத் தின்று வளர்ந்த ஆள் அதைத் தொட மாட்டார், வாடை அடித்தாலே தட்டோடு எழுந்துவிடுவார், அவர் அனுப்பின எந்தத் தட்டிலும் மீன் இருந்ததில்லை. மாமி விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்த தட்டுகள். "ஐஸ் மீனா?" என்றார் மாமி, மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. நான் போனை மறு காதுக்கு மாற்றினேன். பிறகு மாமி போனை வாயிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு சத்தமாகச் சொல்வது கேட்டது. "எழும்புங்கட்டி எல்லாரும். என் மவன் மீன் குழம்பு ஊத்தி வயிறு நிறையச் சாப்பிட்டானாம். ரோசம்மா, நீ முதல்ல தலைய முடி." போன் வைக்கப்பட்டது. என்னை எதுவும் கேட்காமல், ஒரு சொல் திட்டாமல் வைத்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

உள்ளே திரும்பிப் போனபோது அறையில் யாரும் நான் நினைத்த முகத்தோடு இல்லை. ஹரிபிரசாத் முதலில் வெளிறித்தான் போயிருக்கிறார், சட்டை முதுகில் ஒட்டியிருந்தது, ஆனால் பெரிய திரையில் இப்போது ஒரு கோடு ஏறிக்கொண்டிருந்தது, செங்குத்தாக. எத்தனை பேர் தொட்டுப் பார்த்தார்கள் என்கிற கோடு. இதுவரைக்கும் எந்த அறிவிப்புக்கும் அப்படி ஏறினதில்லை. எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், ஐயோ என்று ஒருத்தர் சொன்னார், அந்த ஐயோவில் துக்கம் பாதிதான் இருந்தது. அத்தனை பேரும் போய் என் காக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "பிலோமி, உடனே ஒரு கரெக்ஷன் போடணும்" என்றார் ஹரிபிரசாத். உட்கார்ந்து அடித்தேன்: சற்று முன் வந்த செய்தி தவறுதலாக அனுப்பப்பட்டது, அப்படி எதுவும் நடக்கவில்லை, மன்னிக்கவும். அவர் என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "'தவறுதலாக' வேண்டாமே. அது ட்ரஸ்ட் இஷ்யூ ஆயிடும். 'மன்னிக்கவும்'னு போட்டா லீகல்ல கேள்வி கேப்பாங்க." "அப்ப என்ன போட?" "நீங்க எழுதினதுலயே மீதிப் பாதி இருக்கே. அனைவரும் பத்திரம். அதையே அனுப்பிடலாம். ஒரு அப்டேட் மாதிரி. எல்லாருக்கும் நிம்மதி ஆயிடும்ல?" நான் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. நிஜமாகவே நல்ல யோசனை என்று நினைக்கிறார். "சார், கப்பல்ல ஒண்ணும் நடக்கலையே. நடக்காததுக்கு எப்படி பத்திரம்னு சொல்றது?" "நடக்கலைன்னா பத்திரம்தானே பிலோமி?" நடக்கவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது. அங்கே என்ன நடக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா, என் டிக்குக்குத் தெரியுமா. என் வீட்டுக்காரர் அங்கேதான் இருக்கிறார் என்று கத்த வேண்டும் போல இருந்தது, வாய் வரைக்கும் வந்தது. வந்து, அங்கேயே நின்றது. ஏனென்றால் கடற்கரைத் தெருவில் தலையை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவர்கள் ஞாபகம் வந்துவிட்டது. அந்தத் தெருவிலிருந்து டெரன்ஸ் ஒருத்தர் மட்டுமா கப்பலில் போயிருக்கிறார், வீட்டுக்கு ஒருத்தர். மாமிக்குப் பொய் சொல்ல ஒரு மருமகள் இருந்தாள், மற்ற வீடுகளில் என்ன செய்வார்கள். தவறு, மன்னிக்கவும் என்று வந்தால் ஒருத்தர்கூட நம்ப மாட்டார்கள், ஏதோ மறைக்கிறார்கள் என்பார்கள். செய்தி என்று வந்தால்தான் நம்புவார்கள். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறோம். அழித்தேன். தூத்துக்குடி மாலுமிகள் அனைவரும் பத்திரம் என்று அடித்தேன். ஒரே வரியில் அடங்கியது. எவ்வளவு பெரிய எழுத்திலும் இரண்டு வரிக்கு மேல் போகாது. இந்த முறை 'எல்லோருக்கும்' என்பதை நானே அமுக்கினேன், நிச்சயமா என்று யாரும் கேட்கவில்லை.

என் இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். கோடு மறுபடி ஏறுகிறது என்று அந்த அறையில் பேசிக்கொண்டார்கள். டிபன் பாக்ஸைத் திறந்தேன், எலுமிச்சைச் சோறு, உருளைக்கிழங்கு, படம் பிடிக்கலாமா என்று பார்த்து மூடினேன். அப்போது போன் டிங் என்றது. சிவப்புப் புள்ளி துடித்தது, மெதுவாகவும் இல்லாமல் வேகமாகவும் இல்லாமல், நாங்கள் பேசி முடிவு செய்த வேகத்தில். தூத்துக்குடி மாலுமிகள் அனைவரும் பத்திரம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போனது. அப்பாடா, மாதாவே, என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன், பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். நான் எழுதினது, நான் அமுக்கினது, என் எழுத்து, என் சிவப்பு. அதற்குள் மாமி கூப்பிட்டுவிட்டார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியாத குரல். "ஏட்டி பிலோமி, வந்துட்டுட்டி. போன்லயே வந்துட்டு. எல்லாரும் பத்திரமாம். நீ சொன்னப்ப நான் நம்பல தாயி, எங்கிட்ட மறைக்கேன்னு நெனச்சேன், வஞ்சுப்புட்டேன் மனசுக்குள்ள, ஒண்ணும் நெனச்சுக்காத. இப்ப போன்லயே போட்டுட்டான்." கோயில் மணிச் சத்தம் கேட்டது, யாரோ அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். "ஐஸ் மீனத் தின்னானோ எதத் தின்னானோ, உசுரோட இருக்கான்லா. அது போதும். நீ சாப்டியா?" காதிலிருந்து போனை எடுத்து, மாமியின் குரல் அதற்குள் சின்னதாகப் பேசிக்கொண்டிருக்க, டெரன்ஸுக்கு அனுப்பின அந்த மெசேஜைத் திறந்து பார்த்தேன். ஒற்றை டிக். மறுபடி காதில் வைத்துக்கொண்டேன். "ஆச்சு மாமி" என்றேன்.